வாங்கத் தக்கதல்ல

“இதில் எதை வாங்குவது, டீச்சர்?”

சிதம்பரேசன் நோட்டை விரித்துப் பாயின்மேல் வைத்தார்.

மரகதவல்லி நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்புராவின் கம்பிக்கு அடியில் இருந்த நூலை ஒரு மயிரளவு நகர்த்தி, மீட்டிப் பார்த்து, மறுபடி நகர்த்திக்கொண்டிருந்தார்.

மாயவரத்தில் அவரைத் தெரியாதவர்கள் அதிகம். இருபத்தேழு வருடமாகப் பெரிய பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டியவர். மேடையிலும் சரி, ஒலிப்பதிவுக் கூடத்திலும் சரி, அவர் இல்லாத இடம் குறைவு. எந்த சிடியின் அட்டையிலும் அவர் பெயர் கிடையாது.

சிதம்பரேசன் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. டீச்சரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். வேலையில் இருந்த காலத்தில் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. டீச்சர் வீட்டுப் பக்கத்து மனைக்கு எல்லை பிரிக்க வந்த அன்று சுவருக்கு அந்தப் பக்கம் தம்புரா கேட்டது. அளவுச் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு அரைமணி நேரம் நின்றார். ஓய்வு பெற்ற மறு வாரமே வந்து, “எனக்குப் பாட வராது. கேட்கக் கத்துக்கொடுப்பீங்களா?” என்றார்.

அது ஆயிற்று இரண்டு வருடம்.

“நோட்டைப் பாருங்க டீச்சர்.”

பார்த்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். பாடகர், ராகம், பதிவான வருடம், விலை. பிறகு விமர்சகர்கள் மூவருக்கு மூன்று கட்டம், அவரவர் கொடுத்த மதிப்பெண், கடைசியில் சராசரி.

“ஆக்கூர் சௌந்தரநாதனோட பைரவி ரெண்டு பதிவா வந்திருக்கு. ஒண்ணு பன்னிரண்டு சிடி போட்ட பெட்டி, ஆறாயிரத்துச் சொச்சம். இன்னொண்ணு ஒத்தை சிடி, நூத்தைம்பது. வாரப் பத்திரிகைக்காரர் பெட்டியைத்தான் வாங்கணும்ங்கிறார். இசை இதழ்ல எழுதுறவர், பெட்டி வீண் செலவு, ஒத்தை சிடிதான் உசத்திங்கிறார். மூணாவது ஆள் ரெண்டும் வேண்டாங்கிறார்.”

“ம்.”

“யார் சொல்றது சரி?”

“மூணு பேரும்.”

“அதெப்படி டீச்சர்? ஒரே நிலத்தை மூணு பேர் அளந்து மூணு அளவு சொன்னா, ரெண்டு பேர் தப்பா அளந்திருக்காங்கன்னு அர்த்தம்.”

“எங்கே நின்னு அளந்தாங்க?”

சிதம்பரேசன் நோட்டைப் புரட்டினார். “அதை யாரும் எழுதலையே.”

டீச்சர் இன்னொரு கம்பிக்குப் போனார்.

“இந்த நோட்டுல இருக்கிறதுல நீங்க எத்தனை கேட்டிருக்கீங்க, சார்?”

“ஒண்ணுகூட இல்லை. முதல்ல தேர்ந்தெடுத்துட்டு, அப்புறம் கேட்கலாம்னு.”

“கேட்டுட்டுத் தேர்ந்தெடுத்தா?”

சிதம்பரேசன் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“தஞ்சாவூர்ல காது டாக்டர்கிட்டப் போனேன். இடது காது நாளைக்கே போனாலும் போகும்னார். வலது ஒரு வருஷம் தாங்கும், நல்ல நேரமா இருந்தா ஒன்றரை. வைத்தியம் கிடையாதாம். அதனாலதான் டீச்சர் இந்த நோட்டு. மட்டமானதுக்கெல்லாம் செலவழிக்க என்கிட்ட காது இல்லை.”

தம்புரா நின்றது.

மரகதவல்லி எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சிடி இருந்தது. வெறும் வெள்ளைத் தாள் உறை. பெயரில்லை, படமில்லை.

“ஒரு மாசம் இதைக் கேளுங்க. தினம் ஒரு தடவை. வேற எதையும் கேட்க வேண்டாம். எதையும் படிக்கவும் வேண்டாம்.”

“யார் பாடினது?”

“கேளுங்க.”

“ஒரு மாசமா? டீச்சர், நான் இப்பத்தான் சொன்னேன்…”

“காதுல விழுந்துச்சு சார்.”

சிதம்பரேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. நோட்டை மூடினார். சிடியை வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் இரண்டு வருடத்தில் டீச்சர் அவரிடம் இதைச் செய் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வாங்கிக்கொண்டு போனார்.

நான்காம் நாள் ஒரு தாளோடு வந்தார்.

“பைரவிதான். கச்சேரியில் எடுத்த பதிவு. குறையெல்லாம் எழுதியிருக்கேன். மொத்தம் பதினொண்ணு. ஆறாவது நிமிஷத்துல யாரோ இருமுறாங்க. கீர்த்தனையில மிருதங்கம் காதைப் பிளக்குது. ஆலாபனையில உச்சிக்கு, மேல் ஷட்ஜத்துக்குப் போறப்போ பாடகருக்குக் குரல் உடைஞ்சுபோகுது. அதுக்கப்புறம் அவர் அந்தப் பக்கமே போகலை. கீழேயே சுத்திட்டு முடிச்சுடறார்.”

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

“அப்போ திருப்பிக் கொடுத்துடலாமா?”

“இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு.”

பத்தாம் நாள் வந்தபோது குறை பதினான்காகியிருந்தது. டீச்சர் மோர் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார்.

பதினெட்டாம் நாள் காலை பத்து மணிக்குச் சிதம்பரேசன் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்து வழக்கம்போல இடது காதில் வைத்தார். சத்தமே இல்லை.

“ஹலோ,” என்றார். “ஹலோ. யாரு?”

லைன் செத்துக் கிடந்தது. வைத்துவிடப் போனவர், என்னவோ தோன்றி வலது காதுக்கு மாற்றினார்.

“…கேக்குதா சார்? கும்பகோணம் கடையிலேர்ந்து பேசறேன். நீங்க சொன்ன பன்னிரண்டு சிடி பெட்டி, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. இன்னொருத்தர் கேட்டுக்கிட்டிருக்கார்.”

மறுபடி இடது காதில் வைத்தார். ஒன்றுமில்லை. வலது காதில் வைத்தார். கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

“நாளைக் காலைவரை பொறுங்க,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். இடது காதருகே விரலைச் சொடுக்கினார். இன்னொரு தடவை சொடுக்கினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, வெயிலில் குடைகூட எடுக்காமல், டீச்சர் வீட்டுக்கு நடந்தார்.

“இன்னிக்கு ஒரு காது போச்சு,” என்றார் வாசலிலேயே. “பதினெட்டு நாள். ரெண்டு காதும் இருந்த கடைசி பதினெட்டு நாள். அதை இந்த ஓட்டைப் பதிவுல கொண்டுபோய்க் கொட்டிட்டேன். பெட்டி ஒண்ணுதான் பாக்கியாம். என்னை விட்டுடுங்க டீச்சர்.”

மரகதவல்லி அவருடைய வலப்பக்கமாக வந்து நின்றுகொண்டார்.

“நான் பிடிச்சு வைக்கலையே சார். சிடியைக் கொடுத்துட்டுப் போய்ப் பெட்டியை வாங்கிக்கோங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

சிதம்பரேசன் சட்டைப் பையைத் தொட்டார். சிடியைக் கொண்டுவரவில்லை. வீட்டில் பிளேயருக்குள் இருந்தது.

“கொண்டாந்து கொடுத்துடறேன்,” என்று திரும்பினார்.

வீட்டுக்கு வந்து பிளேயரைத் திறக்கப் போனார். அன்றைக்கு இன்னும் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கணக்குக்கு ஒரு தடவை கேட்டுவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று பொத்தானை அழுத்தினார்.

சத்தம் எங்கோ தள்ளிக் கேட்டது. நாற்காலியை இழுத்து, ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டில் போட்டு, வலது காதை அதன் பக்கம் வைத்து உட்கார்ந்தார்.

பாடகர் ஏறினார். குரல் உடைந்தது. ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். கீழிருந்து தொடங்கினார். கீழேயே முடித்தார்.

இனி வயலின்காரரின் முறை. இந்த இடத்தில்தான் சிதம்பரேசன் எப்போதும் பேனாவை எடுப்பார். வயலின் வாசித்து முடிப்பதற்குள் பாடகரின் குறைகளை எழுதி முடித்துவிடுவார்.

இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

வயலின் ஏறியது. படிப்படியாக ஏறி நிஷாதத்தில் வந்து நின்றது. இன்னும் ஒரு விரல் நகர்ந்தால் மேல் ஷட்ஜம். அந்தக் கைக்கு அது தூக்கத்தில்கூட வரும்.

நகரவில்லை. திரும்பி இறங்கியது.

சிதம்பரேசன் காதை இன்னும் நெருக்கி வைத்தார்.

மறுபடி ஏறியது. வேறு வழியாக, இன்னும் அழகாக. நிஷாதத்தில் நின்றது. திரும்பியது.

மூன்றாவது தடவையும் ஏறி, நின்று, திரும்பியது. பிறகு பாடகர் கடைசியாக விட்ட இடத்துக்கே வந்து, அவர் முடித்த அதே சுரத்தில் முடித்தது.

சபையில் யாரும் கைதட்டவில்லை. யாரோ இருமினார்கள்.

சிதம்பரேசன் பிளேயரை நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆலாபனையின் தொடக்கத்துக்குப் போய் இன்னொரு தடவை போட்டார்.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. கும்பகோணம் கடைக்காரர்தான்.

“அந்த இன்னொருத்தருக்கே கொடுத்துடுங்க,” என்றார்.

அன்று சாயங்காலம் அவர் போனபோது டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிதம்பரேசன் வலது காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

“நீங்க அந்தக் கச்சேரியில இருந்தீங்களா டீச்சர்?”

“பின்னால உட்கார்ந்திருந்தேன்.”

“வயலின்காரர் ஏன் மேலே போகலை?”

“அவர் சொல்லலை. நானும் கேட்கலை.”

“அவர் முகத்தைப் பார்த்தீங்களா?”

“என் இடத்துலேர்ந்து முகம் தெரியாது சார். பாடினவரோட தோள் மட்டும்தான் தெரியும்.”

“தோளா?”

“குரல் உடைஞ்சதுலேர்ந்து காதுவரைக்கும் தூக்கிட்டு விறைச்சுப்போய் இருந்துச்சு. வயலின் மூணாவது தடவை திரும்பினப்போதான் தோள் கீழே இறங்குச்சு.”

டீச்சர் ஆய்ந்த கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“இது என்ன விலை டீச்சர்?”

“வந்தப்போ நூறு ரூபா போட்டாங்க. விக்கலை. அப்புறம் கடை வாசல்ல கூடையில கொட்டி முப்பது ரூபான்னு வித்தாங்க. நான் அந்தக் கூடையிலதான் எடுத்தேன்.”

“இதைப் பத்தி யாராவது எழுதினாங்களா?”

“ஒருத்தர் எழுதினார். நல்லாக் காது கொடுத்துக் கேட்கிறவர்.”

“படிக்கலாமா?”

“இன்னும் பதினோரு நாள் இருக்கு,” என்றார் மரகதவல்லி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், ஒரு பழைய பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சிதம்பரேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

‘பாடகர் மேல் ஷட்ஜத்தைத் தொட முயன்று தோற்று, பிறகு அந்தத் திசைக்கே போகாமல் விட்டுவிட்டார். வயலினும் அதைத் தொடவில்லை. ஆகவே பைரவியின் மேற்பாதி இந்தப் பதிவில் இல்லவே இல்லை. மிருதங்கம் அளவுக்கு மீறி ஒலிக்கிறது. சபையில் இருமல். வாங்கத் தக்கதல்ல.’

இன்னொரு முறை மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

“எப்படி?” என்றார் டீச்சர்.

“எல்லாம் சரியா எழுதியிருக்கார். ஒண்ணுகூடத் தப்பில்லை.”

“அப்போ சிடியைக் கொடுங்க.”

சிதம்பரேசன் பத்திரிகைத் துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

“தர மாட்டேன் டீச்சர்.”