முதல் குவளை

இளவழகன் மடத்துக்கு வந்தபோது ஒரு தோளில் செம்புக் குழாய் இருந்தது. இன்னொரு தோளில் அண்ணன் கொளஞ்சியின் கை இருந்தது. கையில் ஒரு கேன். குழாய் அவனைவிட உயரம். அண்ணனுக்குக் கண் தெரியாது. பிறவியிலேயே அல்ல, போன வைகாசித் திருவிழாவிலிருந்துதான்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முந்திரித் தோப்புக்கு நடுவில் ஓர் அறை, ஒரு அடுப்படி, வெயிலில் கிடக்கும் ஒரு துவைகல். அங்கே குரு தனியாக இருந்தார். வெல்டிங் பட்டறையை மூடிவிட்டு வியாழன்தோறும் அவர் முன்னால் வந்து உட்காருகிறவன் இளவழகன். அண்ணனுக்குக் கண் போனபின் வருவதை நிறுத்திவிட்டான். இன்றைக்குத்தான் வருகிறான்.

அண்ணனைத் துவைகல்லுக்குப் பக்கத்து நிழலில் உட்காரவைத்தான்.

"வாங்க சாமியாடி," என்றார் குரு.

"கும்பிடறேன் சாமி. நீங்க அப்படியே இருக்கீங்க," என்றான் கொளஞ்சி. "என் கண்ணுக்கு இனிமே யாருக்கும் வயசாகாது. அந்த ஒரு வசதி கெடச்சிருக்கு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். இளவழகனுக்குச் சிரிப்பு வரவில்லை. விறுவிறுவென்று குழாயைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனான். குருவும் பின்னால் போனார்.

"சாமி, நான் எங்க தப்புப் பண்ணேன்? அதைமட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"என்ன பண்ணேன்னு முதல்ல சொல்லு."

அவன் சொன்னான். ஊரில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் முந்திரிப்பழம் ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சுவார்கள். பானையில் காய்ச்சுவதுதான் வழக்கம். குடித்த மறுநாள் பாதி ஊர் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடக்கும். வாந்தி எடுக்காத வீடு இருக்காது. பார்த்துப் பார்த்து அவனுக்கு வெறுத்துப்போனது. கைபேசியில் தேடினான். ராத்திரி பகலாக உட்கார்ந்து இந்தக் குழாயைச் செய்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. உள்ளே பாத்திரம் தேய்க்கிற செம்புக் கம்பிநாரை அடைத்திருந்தான். உச்சியில் தண்ணீர் ஓடும் சுருள் வைத்திருந்தான்.

"இதனால என்ன ஆகும்?" என்று கேட்டார் குரு.

"மேல போற ஆவி அந்தச் சுருள்ல பட்டுக் குளிர்ந்து திரும்பக் கீழ வடியும். வடியும்போது ஏறி வர்ற ஆவியோட மோதும். இப்படியே ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பிரிஞ்சு நிக்கும். கெட்டது மொத்தமும் உச்சிக்குப் போயிடும். அப்புறந்தான் நல்லது வரும்."

"வந்துச்சா?"

"வந்துச்சு சாமி. மறுநாள் ஊர்ல ஒருத்தனுக்கும் தலைவலி இல்ல. நாட்டாமை பட்டறைக்கே வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அதே நாள் மத்தியானம், வெயில் கொளுத்துது, அண்ணன் சொல்றாரு, 'என்னடா தம்பி இப்படிப் பனி மூடியிருக்கு'ன்னு."

வெளியே கொளஞ்சி உடுக்கைத் தாளத்தை வாயாலேயே போட்டுக்கொண்டிருந்தான்.

"ஊரு என்ன சொல்லுது?"

"முனி கண்ணைக் கேட்டுச்சு, கொளஞ்சி கொடுத்துட்டான்னு சொல்லுது. மாலை போட்டாங்க. அண்ணனும் அதையேதான் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. இந்த வருஷம் அவர் மகன் குபேந்திரன் ஆடப்போறான்." இளவழகன் குழாயைத் தட்டிக் காட்டினான். "அதனாலதான் ஒரு முழம் நீட்டியிருக்கேன். இது போதுமா, இன்னும் நீட்டணுமா? எனக்கு ஒண்ணும் ஓடல சாமி."

"நீட்டினா?"

"இன்னும் சுத்தமாப் பிரியும்."

"பிரிஞ்ச கெட்டது எங்க வரும்?"

"முதல்ல வரும். முதல் குவளையில."

"பானையில காய்ச்சினப்போ?"

"அப்போ எல்லாத்துலயும் கலந்திருக்கும். ஊரே கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சுச்சு."

"முதல் குவளை யாருக்கு?"

அது குருவுக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் குவளை முனியப்பருக்கு. முனி வந்து இறங்கிய சாமியாடி அதை ஒரே மூச்சில் குடிக்கவேண்டும். மிச்சம் வைத்தால் முனிக்கு ஆகாது.

"ஊறல் கொண்டாந்திருக்கியா?" என்றார் குரு.

"கேன்ல இருக்கு."

"காய்ச்சு."

"இங்கயா? மடத்து அடுப்புலயா?"

"அடுப்புக்கு என்ன தெரியும்? காய்ச்சு."

காய்ச்சினான். மடத்து அண்டாவில் ஊறலை ஊற்றி, குழாயைப் பொருத்தி, இணைப்புகளையெல்லாம் மைதா மாவு பூசி அடைத்தான். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. முகம் மட்டும் செத்துக் கிடந்தது. அடுப்பைக் குறைத்து வைத்து, குழாய்க்குள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கட்டும் என்று வெகுநேரம் காத்திருந்தான். அப்புறம் உச்சியிலிருந்த சின்னத் திருகைத் திறந்தான். சொட்டுச் சொட்டாக வந்தது. பார்க்கக் கிணற்றுத் தண்ணீர்மாதிரி இருந்தது. நாற்றம் மட்டும் பெயிண்ட் கடை நாற்றம்.

குவளை நிறைந்தது. குரு அதை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"குடி."

"சாமி!"

"ஏன்?"

"இது விஷம்."

"போன வருஷம் தெரியாதா?"

அவன் குவளையையே பார்த்தான். மறைக்க என்ன இருக்கிறது?

"தெரியும். அதைப் பிரிக்கத்தானே குழாயே செஞ்சேன். ஆனா அது முனியோட குவளை. அதுல நான் வாயை வெக்க முடியுமா? பெருசுங்க அத்தனை பேரும் நிக்கறாங்க. முனி குடிக்குது, முனிக்கு என்ன ஆயிடும்னு நெனச்சேன். நெனச்சேன்கூட இல்ல சாமி. அந்த நேரத்துல சும்மா நீட்டிட்டேன்."

"அண்ணன்கிட்டச் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? கண்ணுதான் போச்சு, முனியாவது மிச்சம் இருக்குன்னு உக்காந்திருக்காரு. அதையும் நான் புடுங்கணுமா?"

"குபேந்திரன்?"

"ஏதாவது வழி சொல்லுங்க சாமி. குழாய்ல ஏதாவது மாத்தணும்னா மாத்திடறேன்."

"குழாய்ல ஒண்ணும் மாத்த வேணாம். வேலை நல்லாத்தான் இருக்கு," என்றார் குரு. "இதைக் கொண்டுபோய்க் கல்லுல ஊத்திட்டு வா."

"அங்க அண்ணன் உக்காந்திருக்காரு."

"கல்லு அங்கதான இருக்கு."

அவன் போனான். குரு வாசல்வரை வந்து நின்றுகொண்டார். குவளை வெளியே வந்ததுமே கொளஞ்சியின் தாளம் நின்றது. மூக்கு நிமிர்ந்தது. உடம்பு ஒருதரம் சிலிர்த்தது.

"தம்பி, முனி வந்திருக்குடா! இந்த வாசனை எனக்குத் தெரியும். அன்னிக்கி வந்த அதே வாசனை. கும்பிடு, கும்பிடு!"

அவன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டான்.

இளவழகனுக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடவில்லை. குவளையைக் கல்லில் கவிழ்த்தான்.

"என்னடா சத்தம்? என்ன ஊத்தற?"

"முதல் குவளைண்ணா."

"எங்க ஊத்தற?"

"கல்லுல."

"முனியோடதையா? பைத்தியமாடா ஒனக்கு?"

"முனி இல்லண்ணா. இது என் குழாயிலேர்ந்து வர்ற அழுக்கு. முதல்ல வரும். வந்ததும் ஊத்திடணும்." குரல் உடைந்தது. "அன்னிக்கி ஒனக்குக் கொடுத்தது இதுதான்."

கொளஞ்சியின் கைகள் மெதுவாக இறங்கின. ஒரு கை முன்னால் நீண்டு கல்லைத் தேடியது. கண்டுபிடித்துத் தடவியது. சித்திரை வெயிலில் கல் கொதித்துக் கிடந்தது. இந்த ஓரம் தடவினான், அந்த ஓரம் தடவினான். விரலை மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"ஈரமே இல்லையே."

"காஞ்சிடுச்சுண்ணா."

"அதுக்குள்ளயா?"

இளவழகன் வெறுங்குவளையைக் கல்லின் ஓரத்தில் வைத்தான்.

கொளஞ்சி கையைக் கல்லிலிருந்து எடுக்கவே இல்லை. சூடு அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பி, குரு நிற்காத ஒரு திசையைப் பார்த்துக் கேட்டான்.

"அவ்வளவுதானா சாமி?"

குரு வந்து, அவன் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் திசையில் போய் நின்றார்.

"அவ்வளவுதான் கொளஞ்சி."