கிணற்று வளைவு

"திருப்பினா அந்தப் பக்கம் போகுது. விட்டா இந்தப் பக்கம் போகுது. இது எப்படித்தான் உள்ளே போகும், தம்பி?"

டிராக்டர் மேல் இருந்தபடி செங்கமலம் கேட்டாள். பின்னால் காலி டிரெய்லர் கோணிக்கொண்டு நின்றது.

வேதமணி வளைவில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அவளைவிட இளையவன். இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. இனி அவனால் கிளட்ச் மிதிக்க முடியாது.

"மடங்கிடுச்சு. முன்னால போங்கக்கா," என்றான்.

வண்டிப்பாதை வளைகிற இடத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. போன வருஷம் அவள் புருஷன் தங்கராசு டிரெய்லரைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தபோது அதில்தான் விழுந்து செத்தான். டிரெய்லர் முதலில் சரிந்தது. டிராக்டரையும் அவனையும் இழுத்துக்கொண்டது.

அதன்பிறகு எந்த டிரைவரும் அந்தப் பாதைக்கு வரவில்லை. வயலுக்குள் வண்டியைத் திருப்ப இடமில்லை. டிரெய்லரைப் பின்பக்கமாகவே தள்ளிப் போய்த்தான் கரும்பை ஏற்ற வேண்டும்.

வெட்டிய கரும்பு வயலில் கிடந்தது. வெயிலில் எடை இறங்கிக்கொண்டே இருந்தது. அதை விட்டால் அவளுக்கு வேறு விளைச்சல் இல்லை.

செங்கமலம் முன்னால் போனாள். வண்டி நேரானது. மறுபடி பின்னால் வந்தாள்.

டிரெய்லர் கிணற்றுப் பக்கம் ஒடிந்தது.

"முன்னால போங்க."

போனாள். வந்தாள். இந்த முறை வேலிப் பக்கம் ஒடிந்தது.

"முன்னால போங்க."

கரும்பு வெட்ட வந்தவர்கள் வரப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க வர்றதுக்குள்ள வெட்டின கரும்புக் கட்டையெல்லாம் மறுபடி துளிர்த்துடும்!" என்றான் ஒருவன்.

மற்றவர்கள் சிரித்தார்கள்.

செங்கமலம் என்ஜினை நிறுத்தினாள்.

"முன்னால போ, முன்னால போ. இதைச் சொல்லத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேனா? முன்னால போகத்தான் எனக்கே தெரியுமே. கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்ததெல்லாம் போச்சு. நீ ஒரு வாத்தியாரு!"

வேதமணி ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு வராது தம்பி. கரும்பு காயட்டும். வயலும் கிடக்கட்டும். அந்தக் கிணத்துல நானும் போய் விழுந்தா எல்லாத்துக்கும் நிம்மதி."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வரப்பில் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

வேதமணி கேட்டான்.

"அண்ணன் இந்த வளைவுல எத்தனை தடவ முன்னால எடுப்பாரு?"

செங்கமலம் முந்தானையை விலக்கினாள். அழுத முகத்தில் ஒரு கர்வம் வந்தது.

"அவரா? எடுக்கவே மாட்டாரு. மடங்கினாலும் விடமாட்டாரு. ஒடிச்சு, தள்ளி, எப்படியோ ஒரே மூச்சுல உள்ள விட்டுடுவாரு. முன்னால எடுத்தா ஆம்பளையான்னு கேப்பாரு. ஊரே நின்னு பார்க்கும்."

"நீங்க?"

"நானுந்தான். கல்யாணமான புதுசுல என்னைக் கூட்டிட்டு வந்து இதே இடத்துல நிக்க வெச்சுச் செஞ்சாரு. நான் கை தட்டினேன். ஒவ்வொரு வருஷமும் தட்…"

நிறுத்தினாள்.

வேதமணி கிணற்றைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த ஊன்றுகோலைத் தடவிக்கொண்டிருந்தான்.

செங்கமலம் கிணற்றைப் பார்த்தாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள்.

பிறகு என்ஜினைக் கிளப்பினாள்.

அவன் மறுபடி சொல்லும் முன்பே வண்டி முன்னால் நகர்ந்தது.