துரைக்கு வராத சாப்பாடு

உலகமே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அரபு நாட்டு அரசர் ஒருவருக்கு அரிசிக் கப்பல் வருவது நின்றுபோனது. செலவைச் சுருக்கித் தருகிறோம் என்று நட்பு நாடொன்று பென்விக் துரையை நிதி ஆலோசகராக அனுப்பியது.

"நான் அரசரின் வேலைக்காரன் இல்லை. சம்பளம் என் அரசாங்கம் தருகிறது" என்று துரை அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

அந்த அரண்மனையில் வந்தவர் யாரானாலும், பேர் ஊர் கேட்காமல் சோறு போடுவார்கள். அது துரைக்குப் பொறுக்கவில்லை. பரிமாறுகிற காயல்பட்டினத்து உவைசைக் கூப்பிட்டார்.

"இனிமேல் அரசரிடம் சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் சாப்பாடு. வெளியாள் ஒருத்தன் சாப்பிட்டாலும் உன்னை ஊருக்குக் கப்பலேற்றிவிடுவேன்."

"ஆகட்டும் துரை."

பாலைவனத்து ஜனங்கள் பசியோடு வாசலில் நிறுத்தப்பட்டார்கள். உள்ளே அரசரோடு உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் ஆட்டுக்கறிச் சோறு வைத்த உவைசு, துரையை மட்டும் தாண்டிப் போனான்.

"டேய், எனக்கு?"

"துரை அரசரிடம் சம்பளம் வாங்கவில்லையே! உங்களுக்கு வைத்தால் நான் கப்பலேற வேண்டுமே."

துரை அரசரைப் பார்த்தார்.

"உங்கள் உத்தரவைத்தானே செய்கிறான்?" என்றார் அரசர். "என் சம்பளத்தில் சேர்ந்தால் என் சொல்படி நடக்கணும். இல்லையென்றால் விருந்தாளியாக இருங்கள். எது வேண்டும்?"

கறி வாசனை சும்மா விடவில்லை.

"விருந்தாளி" என்றார் துரை மெதுவாக.

"உவைசு, விருந்தாளிக்குச் சோறு வை."

"வைக்கிறேன் எஜமான். ஆனால் இவருக்கு முன்னால் வந்த விருந்தாளிகள் வாசலில் நிற்கிறார்களே?"

அரசர் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கச் சொன்னார். துரையின் முறை வந்தபோது சட்டியில் எலும்புதான் மிச்சம். அதையும் உவைசு மரியாதையாகவே பரிமாறினான்.