காதுகுத்து நாளில் இங்கிலீஷ் வகுப்பு

"டீச்சர், எல்லா இஃப் வாக்கியமும் எனக்கு வந்துட்டு. இந்தக் கலப்பு இஃப் மட்டும் மண்டையில ஏறமாட்டேங்கு" என்றார் சுடலைமுத்து.

எப்சிபா டீச்சர் கையில் பூட்டோடு நின்றாள். வகுப்பு நடக்கும் தகரக் கொட்டகையைப் பூட்டத்தான் வந்திருந்தாள். அன்றைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஊரே மாடன் கோயிலில் இருந்தது. சுடலைமுத்துவின் தங்கை இசக்கியம்மாளின் மகளுக்கு அங்கே மொட்டை, காதுகுத்து, கிடா விருந்து. டீச்சரின் மாணவர்கள் அத்தனை பேரும் முதல் பந்திக்கே இடம் பிடிக்கப் போய்விட்டார்கள்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள்.

அந்தத் தாய்மாமன் இங்கிலீஷ் படிக்க வந்திருந்தார்.

டீச்சர் பூட்டை ஜன்னலில் வைத்தாள். இடுப்பில் இருந்த தன் ஒன்றரை வயது மகள் ஜெமிமாவைப் பாயில் இறக்கிவிட்டாள்.

"உட்காருங்க அண்ணாச்சி."

சுடலைமுத்து குற்றாலத்துக்கு வேன் ஓட்டுபவர். டீச்சரைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். வெளிநாட்டுக்காரர்கள் ஏறினால் வழியெல்லாம் பேசாமல் ஓட்ட வேண்டியிருக்கிறது, வாய் நமநமக்கிறது என்று சொல்லித்தான் வகுப்பில் சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து ஒரு பாடத்தையும் அரைகுறையாக விட்டதில்லை.

"புது வேட்டி போலிருக்கே?"

"கிளாசுக்குத்தான் உடுத்தினேன்."

"சட்டையும் புதுசு."

"அதுவும் கிளாசுக்குத்தான்."

"நெத்தியில சந்தனம்?"

"பாடத்தை எடுங்க டீச்சர்."

டீச்சர் சாக்பீஸை எடுத்தாள். பலகையில் ஒரு கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தாள்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒரு பாதி போன காலத்துல நிக்கும். இன்னொரு பாதி இப்ப நிக்கும். நேத்து அரிசி ஊறப் போட்டிருந்தா, இப்ப வீட்டுல மாவு இருக்கும். போடல. அதனால இல்ல. அவ்வளவுதான்."

"மாவு புரியுது. சொந்தமாச் சொல்லத்தான் வரல."

"சொல்லிப் பாருங்களேன்."

சுடலைமுத்து தொண்டையைச் செருமினார்.

"இஃப் ஷி ஹாட் கம் ஹோம் அண்ட் இன்வைட்டட் மி, ஐ வுட் பி இன் த டெம்பிள் நவ்."

அவள் வீட்டுக்கு வந்து அழைத்திருந்தால், இப்போது நான் கோயிலில் இருப்பேன்.

"ஒரு தப்பும் இல்லையே! இன்னொண்ணு."

அவள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டிருந்தால், இப்போது பிள்ளை என் மடியில் இருக்கும்.

"அதுவும் சரி."

அவளுக்கு அவள் புருஷன் நல்ல புத்தி சொல்லியிருந்தால், இப்போது நான் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருப்பேன்.

"அண்ணாச்சி, மடமடன்னு வருது. வரலைன்னு சொன்னீங்க?"

சுடலைமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. படித்ததால் அல்ல.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். கூடப் பொறந்தவனுக்கு வாட்ஸ்அப்புல பத்திரிகை அனுப்புதா. புருஷனும் பொண்டாட்டியுமா வாசப்படி ஏறி வந்துல்லா கூப்பிடணும்? ஊருக்கெல்லாம் அனுப்பினதையே எனக்கும் அனுப்பியிருக்கா. கீழ ரெண்டு கும்பிடு பொம்மை வேற."

"ரெண்டு கும்பிடா?"

"ரெண்டு."

"எனக்கு ஒண்ணுதான் வந்துது."



டீச்சர் பலகையின் நடுக்கோட்டைச் சாக்பீஸால் தட்டினாள்.

"சரி. இதைத் திருப்பிப் போடுங்க. ஒரு ஆளு எப்பவுமே எப்படிப்பட்டவரோ, அது முதல் பாதி. அதனால அன்னிக்கு என்ன ஆச்சோ, அது ரெண்டாவது பாதி. நான் சோம்பேறியா இல்லேன்னா, நேத்தே துணி துவைச்சிருப்பேன். இப்படி."

"இதுதான் டீச்சர் வரமாட்டேங்கு."

"முயற்சி பண்ணுங்க."

"அவ நல்ல தங்கச்சியா இருந்தா, போன வாரமே வந்திருப்பா."

"சரிதான். 'அவ' வேண்டாம். 'நான்'னு ஆரம்பிங்க."

"இஃப் ஐ..."

நின்றுவிட்டார்.

"இஃப் ஐ வேர்..."

மறுபடி நின்றுவிட்டார்.

கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது. யாரோ மைக்கை ஊதிப் பார்த்தார்கள்.

"பிள்ளைக்கு மொட்டை முடிஞ்சாச்சு. காது குத்த ஆசாரி தயாரா இருக்காரு. பிள்ளையை மடியில வைக்க ஆள் இல்லாததால, இசக்கியம்மாளோட சித்தப்பா மகன் மாரிச்செல்வம் எங்க இருந்தாலும் பந்தலுக்கு வரவும். சாப்பிட்டுக்கிட்டு இருந்தா கையைக் கழுவிட்டு வரவும்."

பாட்டு மறுபடி தொடங்கியது.

சுடலைமுத்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எழுத்து ஒன்றும் இல்லை.

"இஃப் ஐ..." என்றார் மறுபடி.

"ஐயோ, அடுப்புல பாலு!" என்று எழுந்தாள் டீச்சர். "அண்ணாச்சி, இவளைக் கொஞ்சம் பிடிங்க. விட்டா சாக்பீஸைத் தின்னுருவா."

ஜெமிமாவைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டுக் கொட்டகையை ஒட்டியிருந்த தன் வீட்டுக்குள் போனாள்.

பால் பொங்கவில்லை. அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை. டீச்சர் கதவோரம் நின்று பார்த்தாள்.

சுடலைமுத்து முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டார். பிள்ளையின் முதுகைத் தன் நெஞ்சோடு சாய்த்தார். இடது கையை அதன் நெற்றியில் அகலமாக வைத்து, தலை அசையாமல் அணைத்துப் பிடித்தார். வலது காது மட்டும் வெளியே தெரிந்தது.

ஜெமிமா திமிறவில்லை. வசமான இடம் கிடைத்ததுபோல் சும்மா இருந்தாள்.

டீச்சர் திரும்பி வந்தாள்.

"இப்படிப் பிடிக்க யாரு சொல்லித் தந்தா?"

சுடலைமுத்து கையைச் சட்டென்று தளர்த்தினார். 

"எப்படிப் பிடிக்கக் கூடாதுன்னு தெரியும் டீச்சர். இசக்கிக்குக் காது குத்தின அன்னிக்கு எங்க மாமாவுக்கும் எங்க அப்பாவுக்கும் ஏதோ சண்டை. மாமா முகத்தை எங்கேயோ திருப்பி வச்சுக்கிட்டு, பிள்ளையைச் சும்மா பேருக்குப் பிடிச்சிருந்தாரு. அவ தலையை ஆட்டிட்டா. இன்னிக்கும் அவளுக்கு வலது காது ஓட்டை கோணலாத்தான் இருக்கு. எந்தக் கம்மல் போட்டாலும் கீழே பாத்துத் தொங்கும்."

"அடடா."

"பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவானுவ. எங்கிட்டதான் வந்து அழுவா."

"மாரிச்செல்வம் நல்லாப் பிடிப்பாரா?"

"அவனா?" சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோழி அறுத்தாலே மயங்கி விழுவான். அவனைப் பிடிக்கவே ரெண்டு ஆளு வேணும்."

சிரிப்பு பாதியில் நின்றது.

ஒலிபெருக்கியில் பாட்டுக்கு மேலே ஒரு பிள்ளையின் அழுகை கேட்டது. யாரோ மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசினால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் அழும்.

சுடலைமுத்து பிள்ளையை மடியில் வைத்தபடியே பேசத் தொடங்கினார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"இஃப் ஐ வேர் நாட் எ ஸ்டபன் மேன்..."

டீச்சர் காத்திருந்தாள்.

"...ஐ வுட் ஹாவ் கான் டு த ஹாஸ்பிட்டல் லாஸ்ட் இயர்."

நான் வீம்பு பிடித்தவனாக இல்லாவிட்டால், போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்.

"எந்த ஆஸ்பத்திரி அண்ணாச்சி?"

"மச்சானுக்கு, அதான் இசக்கி புருஷனுக்கு, வயித்துல ஆபரேஷன். பாளையங்கோட்டையில. எனக்கு முதல்ல சொல்லல, அடுத்த ஆளு சொல்லித்தான் தெரிஞ்சுதுன்னு நான் எட்டிக்கூடப் பாக்கல. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அவ வராந்தாவுல ஒத்தையா உக்காந்திருந்தாளாம். பாத்தவங்க சொன்னாங்க."

சுடலைமுத்து நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்.

"வாக்கியம் சரியா டீச்சர்?"

"இலக்கணம் சரி."

டீச்சர் குனிந்து மகளை அவர் மடியிலிருந்து தூக்கினாள்.

சுடலைமுத்து கீழே பார்த்தார். புது வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. ஜெமிமா தன் வேலையைச் சத்தமில்லாமல் முடித்திருந்தாள்.

"அட ஆண்டவா! இதை உடுத்திக்கிட்டு இனி அங்க எப்படிப் போவேன்?"

"எங்க?" என்றாள் டீச்சர். "கிளாசுக்குத்தானே உடுத்தினீங்க?"

சுடலைமுத்து நனைந்த வேட்டியை உதறினார். 

"அவ இன்னும் நேர்ல வந்து கூப்பிடல டீச்சர்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

டீச்சர் மகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, பலகையில் கிழித்திருந்த நடுக்கோட்டை அழித்தாள். சாக்பீஸை டப்பாவில் போட்டாள். பிறகு ஜன்னலுக்குப் போய், ஒலிபெருக்கிச் சத்தம் நன்றாக உள்ளே வரும்படி இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தாள்.

பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

அவள் திரும்பியபோது பாயில் ஆள் இல்லை.

வேனை எடுத்திருந்தால் விருந்துக்கு வந்த வண்டிகளுக்குள் சிக்கியிருக்கும். சுடலைமுத்து ஓடினார். நனைந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிடா வேகும் அண்டாக்களுக்கு நடுவே புகுந்து, கை கழுவும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

பந்தலில் ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். மாரிச்செல்வம் மனைப்பலகையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் மொட்டைத் தலையோடு பிள்ளை நெளிந்தது.

"அண்ணே!" மாரிச்செல்வம் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "மகராசனா இருப்பீரு. பிடியும் இந்தப் பிள்ளையை!"

சொன்ன வேகத்தில் பிள்ளையைப் பக்கத்தில் நின்ற அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து பந்திக்குப் போய்விட்டான்.

பிள்ளை இப்போது இசக்கியம்மாளின் கையில் இருந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள். கலைந்த தலை, மூச்சிரைப்பு, ஈர வேட்டி.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றாள். கண்கள் சிவந்திருந்தன.

ஓடி வந்த வழியிலேயே சுடலைமுத்து மூன்று வாக்கியங்கள் கோத்து வைத்திருந்தார். மூன்றும் இஃப்பில் தொடங்கின. மூன்றிலும் ஒரு பிழை இல்லை.

அவர் மனைப்பலகையில் உட்கார்ந்தார். முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"நான் தலையைப் பிடிச்சுக்கிடுதேன்" என்றார். "நீ கையைப் பிடி, இசக்கி."