வலது ஓரத்தில் ஒரு பிசகு

“தப்பு என்னோடது மேடம். திருத்த விடுங்க,” என்றார் இஞ்ஞாசி.

உமையாள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

இருவரும் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு உமையாள்தான் குரு. இஞ்ஞாசியைவிட ஏழு வயது இளையவர். ஞானம் ஆதார் அட்டையில் பிறந்த தேதி பார்த்து வருவதில்லை.

அங்கே நடந்தது ஒரே வேலை. வீடியோவைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரித்துக் காட்ட ஒரு முறை. கோடெக் என்பார்கள். சந்தையிலிருந்த மற்ற முறைகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் உண்டு. வீடியோ காட்டும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ராயல்டி கேட்பார்கள். இதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அதனாலேயே யாரும் எடுக்கவில்லை. சும்மா கிடைப்பதைச் சந்தேகப்படுவது உலக வழக்கம்.

ஒருவர் மட்டும் எடுத்தார். ஓசூர் முனிரத்னம். மலைப்பள்ளிகளுக்குப் பாடம் காட்டும் பெட்டி செய்கிறவர். முறையை வரையறுக்கும் விதிநூல் முடிவாகும் முன்பே, வரைவை நம்பி, முறையை அப்படியே சிப்பில் பொறித்துவிட்டார். பொறித்ததை மாற்ற முடியாது. பெட்டிகளும் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

விதிநூல் முடிவாவதற்கு முதல் நாள்தான் இஞ்ஞாசி, தான் எழுதிய நிரலில் ஒரு பிசகைக் கண்டார். படத்தின் வலது ஓரத்தில், ஒளி அளவை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டிய இடத்தில், அதாவது இரண்டரையை மூன்றாக்க வேண்டிய இடத்தில், இரண்டாகக் கீழ்நோக்கி முழுமையாக்கியிருந்தார். இருட்டுக் காட்சிகளில் அந்த ஓரம் ஓர் இழை மங்கும். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. அவர் கண்ணுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

“ஒரே ஒரு வரி மேடம். இப்ப விட்டா பிறகு தொட முடியாது.”

“சரி, திருத்துங்க.”

இஞ்ஞாசி திருத்தினார்.

மேசை மேல் முனிரத்னத்தின் பெட்டி ஒன்று இருந்தது. திருத்திய முறையில் ஒரு பாடத்தைச் சுருக்கி, உமையாள் அதில் ஓடவிட்டார்.

கணக்கு டீச்சர் ஒருவர் பின்னம் நடத்த ஆரம்பித்தார்.

வீடியோவில் ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மேல் கட்டப்படுவது. திருத்திய முறை மேல்நோக்கிக் கணக்கிட, பெட்டி பழையபடி கீழ்நோக்கியே கணக்கிட்டது; ஓரத்தில் பிறந்த அந்த வித்தியாசம் மெல்ல நகர்ந்தது, வளர்ந்தது. டீச்சரின் காது கரைந்தது. பிறகு மூக்கு. குரல் மட்டும் பின்னத்தை விடாமல் விளக்கிக்கொண்டிருந்தது.

“இப்ப தப்பு எங்க இருக்கு சார்?” என்று கேட்டார் உமையாள்.

இஞ்ஞாசி பெட்டியையும் தான் திருத்திய வரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பெட்டியில இல்ல.”

உமையாள் டீயைக் குடித்து முடித்தார். திருத்திய வரியை அழித்தார். பிறகு இஞ்ஞாசியின் பிசகையே விதிநூலில் ஒரு விதியாக எழுதினார்: வலது ஓரத்தில் கீழ்நோக்கி முழுமையாக்குக.

“ஊரே சிரிக்கும் மேடம்.”

“சிரிக்கணும்னா முதல்ல படிக்கணுமே. படிக்கட்டும்.”

“என் தப்பு காலத்துக்கும் அப்படியே நிக்கும்.”

“முனிரத்னம் பெட்டியும் நிக்கணும் இல்லையா?”

நானாக இருந்தால் திருத்திவிட்டு, முனிரத்னத்துக்கு வருத்தம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் போட்டிருப்பேன். அதனால்தான் நான் கதை சொல்கிறேன், உமையாள் குருவாக இருக்கிறார்.

இஞ்ஞாசிக்கு மனம் ஆறவில்லை. வீட்டு டிவியைக்கூட வலது ஓரம் கண்ணில் படாதபடி சாய்ந்து உட்கார்ந்தே பார்த்தார்.

வருடங்கள் போயின. மலைப்பள்ளியில் ஓடிய பாடத்தைப் பார்த்து, கைபேசி செய்கிறவர் ஒருவர் அந்த முறையை எடுத்துக்கொண்டார். பிறகு பிரவுசர் செய்கிறவர்கள். பிறகு டிவி செய்கிறவர்கள். கடைசியில், நேற்றுவரை தன் முறைக்கு ராயல்டி வாங்கிக்கொண்டிருந்த பெரிய நிறுவனமே வந்து சேர்ந்தது. விதிநூலைப் படித்து அவரவர் தாமாகவே நிரல் எழுதிக்கொண்டார்கள்.

நீதிமன்றத்தைத் தவிர வேறெங்கும் சந்தித்துக்கொள்ளாதவர்கள், நந்தம்பாக்கம் கண்காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் ஸ்டால் போட்டார்கள். எல்லாத் திரையிலும் ஒரே வீடியோ, ஒரே மாதிரி ஓடியது. பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

இஞ்ஞாசிக்கு அது போதவில்லை. ஸ்டால் ஸ்டாலாகப் போய், மூக்கு திரையில் படும்படி நின்று வலது ஓரத்தைப் பார்த்தார்.

எல்லாவற்றிலும் அந்த மங்கிய இழை இருந்தது.

கடைசி ஸ்டால் அந்தப் பெரிய நிறுவனத்துடையது. அங்கிருந்த பொறியாளர், ஒரு பெண், அருகே வந்தார்.

“என்ன சார் தேடறீங்க?”

“இந்த ஓரத்துல ஒரு மங்கல் இருக்கும்மா.”

“உங்க கண்ணுக்குத் தெரியுதா? ஆமா சார், விதியே அப்படித்தான்.”

“உங்ககிட்ட இல்லாத ஆளா? திருத்தியிருக்கலாமே?”

“திருத்தினா ஓசூர் பெட்டியில முகம் கலைஞ்சிடும் சார். நாங்க எது செஞ்சாலும் முதல்ல அந்தப் பெட்டியிலதான் ஓட்டிப் பாப்போம்.”

இஞ்ஞாசி திரையிலிருந்து மூக்கை எடுத்தார்.

“இப்படி எழுதினது யாருன்னு தெரியுமா?”

அந்தப் பெண் யோசித்தார்.

“தெரியல சார். நாங்க எல்லாருமே அப்படித்தான் எழுதறோம்.”

வாசலில் உமையாள் காத்திருந்தார்.

“உங்க தப்பைப் பாத்தீங்களா சார்?”

“எல்லா ஸ்டால்லயும் தேடிட்டேன் மேடம்,” என்றார் இஞ்ஞாசி. “என்னோடதுன்னு ஒண்ணும் கிடைக்கல.”