இடது மரை

"சாமியம்மா, என் உழைப்பைத் திருடினவன் நல்லாவே இருக்கானே, இது நியாயமா?"

மலையடிவாரக் குடிலில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்த துறவியம்மா நிமிரவில்லை. சென்னியப்பனைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் பட்டறைக்காரர் சென்னியப்பன் அடங்கி உட்கார்வது அவர் முன்னால் மட்டும்தான்.

"இதைத்தான் போன வருசமும் கேட்டீங்க."

"வயிறு எரியுதுங்களே! இரும்பு சீவுற கட்டரைச் சுத்தும்போது விடாம கவ்விப் பிடிக்கிற ஹோல்டர். ராப்பகலா மண்டையை உடைச்சுக்கிட்டு நான் கண்டுபிடிச்சது. பேட்டன்ட் என் பேர்ல இருக்கு. அந்தத் திருவேங்கடம் பேட்டன்ட்ல நான் வரைஞ்சு குடுத்த படத்தைப் பார்த்து அச்சு அசலா அடிச்சு, பாதி விலைக்கு விக்கிறான்."

"அதுவும் தெரியும். இன்னைக்குக் குரல் ஏன் கம்மியிருக்கு?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"அவன் ஹோல்டர் ஒண்ணு நேத்துக் கழண்டு பறந்திருச்சுங்க. மாசிலாமணின்னு, மிஷின் ஓட்டுறவர். ஒரு கண்ணு போயிருச்சு."

"அய்யோ."

"நான் அய்யோன்னு சொல்லலீங்க. சேதி கேட்டதும் சிரிச்சுட்டேன். என் சம்சாரம் பார்த்துட்டா. காபியை வெச்சுட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டா."

அம்மாவின் கை நின்றது.

"ஏன் கழண்டுச்சு?"

"இறுக்குற வளையத்துக்கு, இடப்பக்கம் திருகினா இறுகுற இடது மரை வெட்டணும். என் கட்டர் ஓடுற திசைக்கு அப்பத்தான் சுத்தச் சுத்த இறுகும். அவன் வலது மரை வெட்டியிருக்கான். சுத்தச் சுத்தக் கொஞ்சங்கொஞ்சமாத் தளரும்."

"படத்தைப் பார்த்து அச்சு அசலா அடிச்சான்னீங்க?"

சென்னியப்பன் கீழே கிடந்த அவரை நாரை எடுத்து விரலில் சுற்றினார்.

"படத்துல எந்த மரை?"

"வலது."

"கை தவறிடுச்சா?"

"இல்லீங்க. நானேதான் மாத்தி வரைஞ்சேன். காப்பியடிக்கிற நாய் பேர் கெட்டு அலையட்டும்னு. இப்படி ஆகும்னு நெனைக்கலை."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்கு."

"அவன் ஹோல்டர் வேற எங்கெல்லாம் ஓடுது?"

"கணபதி ஏரியாவுல பாதிப் பட்டறையில."

"இப்பவுமா?"

"மத்தியான ஷிப்ட்டு ஓடிக்கிட்டிருக்கும்."

சொன்ன வாயை அவரே கையால் பொத்திக்கொண்டார். பிறகு குனிந்து நெற்றி தரையில் படக் கிடந்தார்.

"இந்தப் பாவத்தை எப்படிக் கழுவுறதுங்க? விரதமா, பரிகாரமா? எத்தனை நாள் வேணும்னாலும் இங்கயே கிடக்கிறேன்."

அம்மா எழுந்து வாசலுக்குப் போகும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. போன காலடி திரும்பி வந்தது.

சென்னியப்பன் தலையைத் தூக்கினார். எண்ணெய்க் கறை ஏறிய அவருடைய செருப்புகள் அம்மாவின் இரண்டு கைகளிலும் இருந்தன. அம்மா குனிந்து, அவற்றை அவர் காலருகே சாலையைப் பார்க்க வைத்தார்.

"சாமியம்மா! என் செருப்பைப் போய் நீங்க..."

"மாட்டுங்க."