தேடுகிறவர் தட்டும் சொல்

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பட்டியல் மென்பொருளைக் கற்றுத் தந்தவர் நூலகர் இளவழுதி. கற்க வந்தவர் ஞானசௌந்தரி, தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். சீடர் குருவை 'சார்' என்பார். குரு சீடரை 'சிஸ்டர்' என்பார்.

பாம்புக்கடி பற்றி எங்கெங்கோ வெளியான கட்டுரைகளை ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும் என்பது சிஸ்டரின் ஆசை. சின்ன ஊர் மருத்துவமனைகளில் கேட்க ஆளில்லாமல் தவித்த டாக்டர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

தலைப்பு, ஆசிரியர், இதழ் என்று ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துப் பார்த்து நிரப்பினார். கட்டுரை எதைப் பற்றியது என்று குறிக்கும் 'பொருள்' கட்டத்தில் பாம்பின் பெயரை மட்டும் எழுதினார். ஒரு நாள் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"முடிச்சுட்டேன் சார். எல்லாருக்கும் திறந்து விடலாமா?"

இளவழுதி எழுந்து போய் வாசகர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் மலையடிவாரத்து டாக்டர். விடியக்காலையில ஒரு பொண்ணைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. தரையில படுத்திருந்தவ, வயித்துவலின்னு எழுந்திருக்கா. இப்போ இமை சரியுது. உடம்புல காயமே இல்லை. நான் என்னன்னு தேடட்டும்?"

"கட்டுவிரியன்னு போடுங்க சார். அது கடிச்ச தடம் பல பேருக்குத் தெரியவே தெரியாது."

"கட்டுவிரியன்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு சிஸ்டர் தேடறேன்?"

சிஸ்டருடைய வார்டுக்குப் பாம்பின் பெயரோடு வந்தவர்கள் குறைவு. வலியோடு வந்தவர்கள்தான் அதிகம். அது அவருக்குத் தெரியாததல்ல. கணினி முன்னால் உட்கார்ந்ததும் எப்படியோ மறந்துபோயிருந்தது.

முதல் கட்டுரையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பாம்பின் பெயருக்குக் கீழே வயிற்றுவலி, இமை சரிதல், ஈறில் ரத்தம் என்று எழுதிக்கொண்டே போனார். எழுத எழுத வார்டில் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மழைக்காலத்துக்கு முன் தரவுத்தளம் திறந்தது.

சில வாரங்கள் கழித்து, கைபேசியைப் பிடித்தபடியே இளவழுதியிடம் வந்தார்.

"மலையிலிருந்து ஒரு டாக்டர் பேசினார் சார். 'இமை சரிதல்'னு தேடியிருக்கார். கட்டுரை கிடைச்சு, உடனே வைத்தியம் பார்த்துட்டாராம். கடிபட்டு வந்த பெரியவர் இன்னிக்கு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிச்சாராம்."

"நல்ல சேதிதானே? ஏன் முகம் வாடியிருக்கு?"

"கடிபட்ட இன்னொருத்திக்குக் கைக்குழந்தை இருக்காம். தாய்ப்பால் கொடுக்கலாமான்னு தேடினா நம்மகிட்ட ஒண்ணுமே வரலையாம். இது என்னிக்குத்தான் சார் முழுசாகும்?"

"ஒண்ணும் வரலைங்கிறதை அவரே கூப்பிட்டுச் சொன்னாரா?"

"ஆமா. அதையும் சேர்த்துடுங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டாராம்."

"அப்படின்னா, இனிமே நீங்க தனியா எழுதலை சிஸ்டர்."